ஆம்பூரின் ஒரே நடுக்குவாத மரணம்

நான் ஆம்பூருக்குப் போனது பிரியாணி சாப்பிட என்றுதான் சிங்கப்பூரில் இருக்கும் என் மகள் இன்றுவரை நம்புகிறாள். அதில் பொய் ஒன்றும் இல்லை. ஐந்து நாளில் ஏழு தடவை சாப்பிட்டேன். ஆனால் என்னை அனுப்பியவர்கள் அதற்காக அனுப்பவில்லை. ஒரு செத்துப்போன மனிதரைத் தேடிப் போனேன்.

என் உத்தியோகத்தைச் சொன்னால் பந்தியில் பக்கத்தில் உட்கார்ந்திருப்பவர்கள் கொஞ்சம் தள்ளி உட்காருவார்கள். யார் எதனால் செத்தார்கள் என்று மருத்துவர்கள் எழுதுவதைப் படித்து, ஒவ்வொரு காரணத்துக்கும் ஒரு எண் போடுவது என் வேலை. இருபது வருடமாகப் போடுகிறேன். எங்கள் குழு இப்போது பார்கின்சன் நோயைப் பிடித்துக்கொண்டிருக்கிறது. தமிழில் நடுக்குவாதம். பல ஊர்களில் அந்த நோயின் மரணக் கணக்குக் கோடு வருடத்துக்கு வருடம் மேலே ஏறுகிறது. ஜனங்கள் அதிக நாள் வாழ்கிறார்கள், மருத்துவர்களும் அந்தப் பெயரை எழுதப் பழகிவிட்டார்கள். வேலூர், ஆம்பூர்ப் பக்கம் எடுத்த மரணப் பட்டியலில் மட்டும் கோடு தரையோடு தரையாகக் கிடந்தது. அங்கே யாருக்கும் கை நடுங்குவதில்லையா, நடுங்குவதை யாரும் எழுதுவதில்லையா என்று பார்த்து வரச் சொன்னார் என் மேலதிகாரி. எனக்குத் தமிழ் தெரியும் என்பதால் நான். கோவில்பட்டிக்காரிக்கு ஆம்பூர்த் தமிழ் புரிய இரண்டு நாள் ஆகும் என்பது அவருக்குத் தெரியாது.

அந்தப் பட்டியலில் ஒரே ஒருவருக்கு மட்டும் நோயின் பெயர் ஒழுங்காக எழுதப்பட்டிருந்தது. பாக்கியநாதன், வயது அறுபத்தாறு, ஆம்பூர், இறந்து நான்கு மாதம். காதலன் பெயரைப் பார்ப்பதுபோல அந்தப் பெயரை விமானத்தில் நான்கு தடவை எடுத்துப் பார்த்தேன்.

ஒரு விஷயத்தை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். என்னை ஊர் சுற்றிக் காட்டிய ஆட்டோக்காரரின் சட்டைப் பையில் ஒரு மாத்திரை அட்டை இருந்தது. அது தீர்ந்துகொண்டிருந்தது. தீர்ந்தால் வாங்க அவருக்கு வழியில்லை. இது நான்காம் நாள்தான் எனக்குத் தெரிந்தது. உங்களுக்காவது முன்கூட்டித் தெரியட்டும். நான் எவ்வளவு பெரிய கெட்டிக்காரி என்பதும் போகப் போகத் தெரியும்.

முதல் நாள். சர்ச் விருந்தினர் விடுதியில் இறங்கினேன். ஊருக்கென்று ஒரு வாசனை உண்டு. பதப்படுத்திய தோலும் தம் பிரியாணியும் கலந்த வாசனை. முதல் ஒரு மணி நேரம் கைக்குட்டை தேவைப்பட்டது, அப்புறம் பிரியாணி ஜெயித்தது. சீரகச் சம்பா அரிசி, பக்கத்தில் கத்திரிக்காய்த் தொக்கு, வெங்காயம் போட்ட தயிர். சிங்கப்பூரில் இதே பெயரில் ஒன்று விற்கிறார்கள். இனிமேல் அந்தக் கடைப் பக்கம் தலைவைத்துப் படுக்க மாட்டேன்.

விடுதிக்காரர் ஏற்பாடு செய்த ஆட்டோக்காரர் பெயர் எபினேசர். அறுபது வயது இருக்கும். வெள்ளைச் சட்டை, படிய வாரிய தலை. எண்ணெய் போட்டுத் துடைத்த வண்டி. என் நோட்டில் தன் போன் நம்பரை எழுதிக் கொடுத்தார். எறும்பு ஊர்ந்த மாதிரி அவ்வளவு சின்ன எழுத்து. கண்ணாடியைக் கழற்றி, மறுபடி மாட்டி, கடைசியில் விடுதிக்காரரிடமே கேட்டு எழுதிக்கொண்டேன். பாக்கியநாதன் வீட்டு விலாசத்தைக் காட்டி, முதலில் அங்கே போகலாம் என்றேன். அந்தத் தெருவில் பைப்புக்காகத் தோண்டிப் போட்டிருக்கிறார்கள், வண்டி போகாது, நாளைக்குப் பார்ப்போம் என்றார்.

அன்றைக்குப் பட்டியலில் இருந்த வேறு மூன்று வீடுகளுக்குப் போனோம். சிங்கப்பூரில் துக்க வீட்டுக்குப் போய்க் கேள்வி கேட்டால் நாற்காலி கொடுப்பார்கள், தண்ணீர் கொடுப்பார்கள், கடிகாரத்தைப் பார்ப்பார்கள். இங்கே கேள்விக்கு முன்னால் இலை போட்டார்கள். அப்பா எப்படி இறந்தார் என்று கேட்டால், முதல்ல சாப்பிடுங்க மேடம், அப்புறம் சாவு கதை பேசலாம் என்கிறார்கள். நோயின் பெயரைக் கேட்டால் மூன்று வீட்டிலும் ஒரே பதில்.

“இன்னா நோயி? வயசாயிட்ச்சி, போய்ட்டாரு.”

மதியம் டீக்கடையில் எபினேசர் அரை கிளாஸ் டீ மட்டும் வாங்கினார். சர்க்கரை வியாதியா என்றேன். இல்லை, பழக்கம் என்றார். குடித்து முடித்ததும் இடது கையைப் பாக்கெட்டுக்குள் விட்டுக்கொண்டார். பெரிய மனுஷத் தோரணை என்று நினைத்துக்கொண்டேன்.

இரண்டாம் நாள். பாக்கியநாதன் வீட்டுக்காரம்மா திருப்பத்தூரில் மகள் வீட்டுக்குப் போயிருப்பதாகத் தகவல் சொன்னார் எபினேசர். உங்களுக்கு எப்படித் தெரியும் என்றேன். விசாரிச்சேன் மேடம் என்றார். எவ்வளவு பொறுப்பான மனிதர் என்று மெச்சிக்கொண்டேன். ஒடுகத்தூருக்கு விட்டோம்.

எனக்குத் தெரிந்த நகைச்சுவைகளில் நல்லதாகப் பார்த்து ஆறு சொன்னேன். அந்த மனிதரின் முகத்தில் ஒன்றுகூட அசையவில்லை. வண்டிக் கண்ணாடியில் பார்க்கிறேன், கல் மாதிரி இருக்கிறார். இந்தப் பக்கத்து ஜனங்களுக்கு நகைச்சுவை உணர்வு கம்மி என்று டைரியில் எழுதினேன். அதை இன்னும் அடிக்கவில்லை. என் லட்சணத்துக்கு அது சாட்சியாக இருக்கட்டும்.

வழியில் ஒரு வேர்க்கடலை லாரி கவிழ்ந்திருந்தது. டிரைவருக்கு ஒன்றும் இல்லை, கீரிப்பிள்ளை குறுக்கே வந்ததென்று சத்தியம் பண்ணிக்கொண்டிருந்தார். ஒரு மணி நேரம் நின்றோம். கூட்டம் மூட்டையைத் தூக்கி உதவியது, தூக்கிய கூலியை மடியில் கட்டிக்கொண்டது. எனக்கும் ஒரு பிடி கிடைத்தது. திருட்டுக் கடலைக்குத் தனி ருசி. எபினேசர் மட்டும் வண்டியை விட்டு இறங்கவில்லை. இறங்க வேண்டிய இடத்திலெல்லாம் இரண்டு மூன்று தடவை முன்னும் பின்னும் ஆடித்தான் எழுந்தார். முட்டி வலி என்று நானே ஒரு நோயை வைத்துக்கொண்டேன்.

ஒடுகத்தூரில்தான் என் கேள்விக்குப் பதில் கிடைத்தது. காட்டு மலையடிவாரத்தில் நிலக்கடலைக் கொல்லைக்குப் பக்கத்தில் வீடு. இறந்தவரின் மகன் அரசுப் பள்ளி ஆசிரியர், நிதானமாகப் பேசினார். அப்பாவுக்குப் பத்து வருடமாகக் கை ஆடியதாம், கால் தரையில் ஒட்டிக்கொள்ளுமாம், குரல் கிணற்றுக்குள்ளிருந்து வருமாம். கடைசியில் வாசலில் விழுந்து இடுப்பு ஒடிந்து, படுக்கையிலேயே போய்விட்டார். காகிதத்தில் இடுப்பு எலும்பு முறிவு என்று இருந்தது. நடுக்கத்தைப் பற்றி எழுதச் சொல்லவில்லையா என்றேன்.

“அது நோயி இல்ல மேடம். அது அவரோட நடை, அவரோட கை. விழுந்ததுலதானே செத்தாரு?”

எனக்குத் தூக்கிவாரிப்போட்டது. பத்து வருடம் ஒரு நோய் ஒரு மனிதரைத் தின்றிருக்கிறது, கடைசி அரை நிமிடத்தில் ஒரு வாசற்படி பெயரைத் தட்டிக்கொண்டு போய்விட்டது. கோடு தரையில் கிடந்த மர்மம் இவ்வளவுதான். திரும்பி வரும்போது இதை எபினேசரிடம் மணிக்கணக்காக விளக்கினேன். சோறு இறங்காமல் மூச்சுக்குழாயில் போகும், நிமோனியா என்று எழுதுவார்கள். கீழே விழுவார்கள், முறிவு என்று எழுதுவார்கள். முறையாக மருந்து எடுத்தால் பல வருடம் ஓட்டலாம், திடீரென்று நிறுத்தினால் ஆபத்து. விடுதி வாசலில் இறக்கிவிட்டு, திடீர்னு நிறுத்தினா இன்னா ஆவும் என்று மட்டும் கேட்டார். உடம்பு கட்டையாகிவிடும், காய்ச்சல் வரும், உயிருக்கே ஆபத்தாகலாம் என்று ஆசிரியை மாதிரி பதில் சொல்லிவிட்டு, அறைக்குப் போய் நிம்மதியாகத் தூங்கினேன்.

மூன்றாம் நாள் அவர் வரவில்லை. உடம்பு சரியில்லை என்று போன். பஸ் பிடித்துக் கலவை என்ற ஊருக்குப் போனேன். ஆற்காட்டில் மாற வேண்டும். மாறுகிற இடைவெளியில் அந்த ஊர் இனிப்பான மக்கன் பேடா நான்கு உள்ளே போனது, அந்த இடைவெளியில் பஸ்ஸும் போனது. அடுத்த பஸ்ஸில் என் பக்கத்தில் ஒரு நர்சம்மா உட்கார்ந்தார். இந்த ஊரில் யார் பக்கத்தில் உட்கார்ந்தாலும் பாதிக்குப் பாதி நர்ஸ்தான். என் வேலையைக் கேட்டுவிட்டு முகம் சுளிக்காத முதல் ஆள் அவர். நல்ல வேலைதான், செத்தவங்க எதிர்க் கேள்வி கேக்க மாட்டாங்க என்றார். கலவை வீட்டில் நான் சொன்னபடியே நிமோனியா. காகிதத்தில் நடுக்கத்தைப் பற்றி ஒரு சொல் இல்லை. வீட்டுக்காரர்கள் சொன்ன கதை முழுக்க நடுக்கம்.

நான்காம் நாளும் எபினேசர் வரவில்லை. பேஜாராகிவிட்டது. விலாசத்தை விடுதிச் சமையல்காரம்மாவிடம் காட்டினேன். ஜன்னலைத் திறந்து, அதோ அந்தப் பச்சைக் கேட்டு என்றார். இரண்டு தெரு. தோண்டிய பைப்பும் இல்லை, ஒரு பள்ளமும் இல்லை. நான்கு நிமிடத்தில் நடந்து போனேன். கேட்டுக்குள் எண்ணெய் போட்டுத் துடைத்த ஆட்டோ ஒன்று நின்றது.

கதவைத் திறந்தவர் பாக்கியநாதனின் மனைவி, ரூத் அம்மா. திருப்பத்தூரில் அவருக்கு மகளே கிடையாது. ஒரே மகன், ஓசூரில் வேலை. வரவேற்று உட்கார வைத்தார். உள்ளே லுங்கியோடு இட்லி சாப்பிட்டுக்கொண்டிருந்த எபினேசர் என்னைப் பார்த்ததும் எழுந்திருக்கப் பார்த்தார். முதல் முயற்சியில் முடியவில்லை, இரண்டாவதிலும் முடியவில்லை.

“இவரு என் கொழுந்தன் மேடம். சம்சாரம் போனதுலருந்து மாடியிலதான் இருக்காரு. ஏன் எபி, இவங்களத்தான் நீ சுத்திக் காட்டறியா?”

நான் எபினேசரைப் பார்த்து முறைத்தேன். அவர் இட்லியைப் பார்த்தார். சரி, வேலையைப் பார்ப்போம் என்று படிவத்தை விரித்தேன்.

ரூத் அம்மா சொன்னது இது. பாக்கியநாதன் ஷூ கம்பெனியில் பேக்கிங் பிரிவில் இருந்து ஓய்வு பெற்றவர். ஒரு ஞாயிற்றுக்கிழமை குளித்துவிட்டு வந்து நாற்காலியில் உட்கார்ந்தவர் அப்படியே சாய்ந்துவிட்டார். வந்த டாக்டர், ஏதாவது வைத்தியம் நடக்கிறதா, பழைய காகிதம் இருந்தால் காட்டுங்கள் என்றார். மகன் பீரோவைக் குடைந்தான். வேலூர்ப் பெரிய ஆஸ்பத்திரி கார்டும் ஒரு ஃபைலும் கிடைத்தன. பாக்கியநாதன் பெயர், பாக்கியநாதன் வயது, மூன்று வருட வைத்தியம், பார்கின்சன் நோய். டாக்டர் பார்த்தார், எழுதினார்.

“எங்களுக்கு அன்னைக்குத்தான் தெரியும். மூணு வருசமா எனக்குத் தெரியாம போயிருக்காரு. அவரு மறைச்சது மறைஞ்சே போவட்டும்னு பைபிள், கண்ணாடி, கூட அந்த கார்டு, ஃபைலு எல்லாத்தையும் சவப்பெட்டியில வெச்சி அனுப்பிட்டேன்.”

படிவத்தில் கேள்விகளை வரிசை மாற்றாமல் கேட்க வேண்டும். சும்மா இருக்கும்போது கை நடுங்குமா என்று கேட்டேன். இல்லை என்றார். எழுத்து சிறுத்துப் போயிருந்ததா? இல்லை, கொட்டை எழுத்து. நாற்காலியிலிருந்து எழ இரண்டு மூன்று தடவை முயல்வாரா? இல்லை. முகத்தில் சிரிப்பு குறைந்துபோய் கல் மாதிரி ஆகிவிட்டதா என்று படித்தபோது என் குரல் எனக்கே கேட்கவில்லை. நிமிர்ந்து பார்த்தேன். எபினேசரின் இடது கை பாக்கெட்டில் இல்லை. மேஜை மேல் இருந்தது. தட்டுக்குப் பக்கத்தில் டம்ளர் கடகடவென்று ஆடிக்கொண்டிருந்தது.

இருபது வருடம் இந்த நோய்க்கு எண் போட்டவள், இரண்டு நாள் அதன் பின்சீட்டில் உட்கார்ந்து போயிருக்கிறேன்.

ரூத் அம்மா அதைக் கவனிக்கவில்லை. அவர் என் படிவத்தையே பார்த்துக்கொண்டிருந்தார்.

“முப்பத்தெட்டு வருசம் பக்கத்துல இருந்தேன். நீங்க கேக்கறது ஒண்ணுகூட நான் பாக்கல மேடம். அப்போ நான் இன்னாத்த பாத்துக்கினு இருந்தேன்? பொண்டாட்டின்னு எதுக்கு இருந்தேன்?”

அழுதார். எனக்குப் படிவத்தை மடிக்கத்தான் தெரிந்தது. மறுபடி வருகிறேன் என்று எழுந்தேன். எபினேசர் சட்டையை மாட்டிக்கொண்டு, நான் வுட்டுட்டு வர்றேன் என்று பின்னாலேயே வந்தார். நான்கு நிமிட நடைக்கு ஆட்டோ.

தெருமுனையில் வண்டியை நிறுத்திவிட்டு எல்லாவற்றையும் சொன்னார். யோசனை அண்ணனுடையது. எபினேசர் ஸ்கூல் பிள்ளைகளை ஏற்றிப் போகிறவர். கை நடுக்கம் என்று ஒரு தாய்க்குத் தெரிந்தாலும் வண்டி காலி. ஆஸ்பத்திரியில் ஊர்க்காரர்கள் எத்தனையோ பேர் வேலை பார்க்கிறார்கள். அதனால் அண்ணன் கூடவே போய்த் தன் பெயர், தன் அடையாள அட்டை எல்லாவற்றையும் கொடுத்துவிட்டார். நான் ரிட்டயர் ஆனவன், எனக்கு இன்னா நஷ்டம் என்றாராம். அண்ணன் இறந்த அன்று வீட்டுக்கு வந்த டாக்டர் எழுதும்போது எபினேசர் பக்கத்தில்தான் நின்றார். வாய் வரவில்லை. அண்ணி கார்டைப் பெட்டிக்குள் வைக்கும்போதும் நின்றார். மருந்துச் சீட்டும் அதோடு மண்ணுக்குள் போயிற்று. கையிருப்பைப் பாதிப் பாதியாக உடைத்துச் சாப்பிட்டார். கை சொன்ன பேச்சு கேட்காமல் போனதும் ஸ்கூல் சவாரியைத் தானே நிறுத்தி, வண்டி ரிப்பேர் என்று சொல்லிவிட்டார். அது கொஞ்சம் என் கோபத்தைக் குறைத்தது. எத்தனை மாத்திரை மிச்சம் என்றேன். அட்டையை எடுத்துக் காட்டினார். இரண்டு.

“சிங்கப்பூர்லருந்து கொஞ்சம் அனுப்பி வைக்க முடியுமா மேடம்?”

எனக்கு வந்த கோபத்தில் கோவில்பட்டித் தமிழ் முழுக்க வெளியே வந்தது. உம்ம பேருல ஒரு கார்டு போட நாக்கு வரல, சிங்கப்பூர்ல மருந்து கேக்க மட்டும் வருதோ என்று ஆரம்பித்து, பிள்ளைகளை வைத்து ஓட்டினதற்கும் சேர்த்துக் கொடுத்தேன். என் சொந்தக் கோபமும் அதில் கொஞ்சம் இருந்தது. ஆம்பூரின் ஒரே நடுக்குவாத மரணம் என் கண்முன்னால் கரைந்துகொண்டிருந்தது. செத்தவருக்கு அந்த நோய் இல்லை, நோய் இருப்பவர் சாகவில்லை. மேலதிகாரிக்கு என்ன எழுதுவது? கடைசியில் தொண்டை வறண்டு நிறுத்தினேன். உங்கள் அண்ணியிடம் நான் சொல்ல முடியாது, என் வேலை அப்படி, ஆனால் அந்த அம்மா தன்னையே தின்றுகொண்டிருக்கிறார் என்றேன்.

எபினேசர் வண்டியைத் திருப்பினார்.

“நீங்களும் வாங்க. அண்ணி அடிச்சா புடிச்சிக்க ஒரு ஆள் வேணும்.”

முகம் அசையவே இல்லை. அது நகைச்சுவை என்று எனக்குப் புரிய அரை நிமிடம் ஆனது.

ரூத் அம்மா கழுவிய தட்டைத் துடைத்துக்கொண்டிருந்தார். எபினேசர் வாசலிலேயே நின்று, இடது கையை வெளியே எடுத்துக் காட்டினார்.

“அண்ணி, அந்த கார்டு என்னுது. அண்ணன் பேருதான் குடுத்தாரு. நோயி எனக்கு.”

ரூத் அம்மா அந்தக் கையையே பார்த்தார். ரொம்ப நேரம் பார்த்தார்.

“அவருக்குக் கை நடுங்கலயா?”

“இல்ல அண்ணி.”

“வேற எதுனா?”

“ஒண்ணும் இல்ல. நெஞ்சு வலியாத்தான் இருக்கும்.”

தட்டைக் கீழே வைத்தார். அழப்போகிறார் என்று நான் நினைத்தேன். அவர் திட்ட ஆரம்பித்தார். நாலு மாசமா நான் அழுவறத பாத்துக்கினே என் கையால சோறு துன்னியே என்றார். செத்துப்போன புருஷனையும் விடவில்லை, அண்ணனும் தம்பியும் சேர்ந்து என்னை ஏமாத்துனீங்களே என்று சுவரில் மாட்டியிருந்த படத்தைப் பார்த்தும் திட்டினார். நடு நடுவே, நான் கவனிக்காம இல்ல, நான் கவனிக்காம இல்ல என்று தனக்குத்தானே சொல்லிக்கொண்டார். திட்டி முடித்து, மூக்கைச் சிந்தி, எத்தினி மாத்திரை இருக்கு என்று கேட்டார். சொன்னதும், காலையில முதல் பஸ்ஸு என்றார். என்னைப் பார்த்து, மேடம், ஒரு வாய் சாப்ட்டுட்டுப் போங்க என்றார். ஏழாவது பிரியாணி அதுதான்.

ஐந்தாம் நாள் மூவரும் வேலூருக்குப் போனோம். ஆட்டோ வேண்டாம் என்று ரூத் அம்மா கண்டிப்பாகச் சொல்லிவிட்டார். ஆஸ்பத்திரியில் எல்லா மொழியும் பேசுகிற ஒரு கூட்டம். வங்காளத்திலிருந்து வந்த ஒரு குடும்பம் எங்களுக்கு முன்னால் நின்று எங்களையே வழி கேட்டது. எபினேசர் இரண்டு தடவை வரிசையை விட்டு நழுவப் பார்த்தார். இரண்டு தடவையும் அண்ணி சட்டையைப் பிடித்து இழுத்து நிறுத்தினார்.

கவுண்டரில் பெயர் கேட்டார்கள். கொஞ்சம் தயங்கி, எபினேசர் என்றார். எதிர்க் கவுண்டரில் உட்கார்ந்திருந்த ஆம்பூர்க்காரப் பெண் ஒருத்தி நிமிர்ந்து பார்த்து, இன்னா மாமா இங்க என்றாள். கை நடுங்குதும்மா, வைத்தியத்துக்கு வந்தேன் என்றார், அந்த மண்டபத்துக்கே கேட்கிற மாதிரி.

புது கார்டு போட்டு உள்ளே அனுப்பினார்கள். முன்பு அண்ணன் பெயரில் வைத்தியம் நடந்த கதையை டாக்டரிடம் அவரே சொல்வதாக ஏற்பாடு. அதற்கு முன்னால் ஒரு சின்ன வயது நர்ஸ் உட்கார வைத்து வரிசையாகக் கேள்வி கேட்டாள். எத்தனை வருடமாக, எந்தக் கை, தூக்கம் எப்படி. எபினேசர் எல்லாவற்றுக்கும் பதில் சொன்னார். பிறகு, குடும்பத்தில் வேறு யாருக்காவது இந்த நோய் உண்டா என்று கேட்டாள்.

எபினேசர் என்னைப் பார்த்தார். நானும் விழித்தேன். சர்க்கார் காகிதத்தின்படி அவருடைய கூடப்பிறந்த அண்ணன் இந்த நோயில்தான் செத்திருக்கிறார். அதைத் திருத்த இன்னும் எத்தனை படி ஏற வேண்டுமோ.

ரூத் அம்மாதான் பதில் சொன்னார்.

“இல்லம்மா. இவங்க அண்ணனுக்குக்கூட எதுவும் இல்ல. கடைசி நாள் வரைக்கும் நல்லா இருந்தாரு.”

அந்தப் பெண் அவ்வளவு கேட்கவில்லை. ‘இல்லை’ என்ற கட்டத்தில் ஒரு டிக் போட்டுவிட்டு அடுத்த கேள்விக்குப் போனாள். ரூத் அம்மா அவள் கையைத் தொட்டு நிறுத்தினார்.

“கை நடுங்கவே இல்லம்மா அவருக்கு. நான் பாத்துக்கினுதான் இருந்தேன்.”